வீட்டுப் பட்டறைக்கு ஒரு கேட் மென்பொருள்: தேர்வு முதல் கையில் பொருள் வரும் வரை

உடைந்துபோன மிக்ஸி கைப்பிடிக்கு ஒரு மாற்று, ஆர்டுயினோ மின்னணுப் பலகைக்கு ஒரு பெட்டி, பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரி. சொந்தமாக எதைச் செய்ய நினைத்தாலும் லேசர் கட்டிங் கடைக்காரரோ, 3டி பிரிண்ட் எடுத்துத் தருபவரோ, லேத் பட்டறைக்காரரோ முதலில் கேட்பது "டிராயிங் இருக்கா?" என்பதைத்தான். டிராயிங் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1982 முதல் சந்தையில் இருக்கும் ஆட்டோகேட் என்ற கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள். அதன் ஆண்டுச் சந்தா, வார இறுதியில் ஆசைக்குச் செய்து பார்ப்பவருக்குக் கட்டுப்படியாகாத தொகை. அதனால் யாரிடமாவது கிராக் செய்த பதிப்பை பென் டிரைவில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கூடவே வைரஸும் வந்து சேர்கிறது. அந்த வழிக்கே போக வேண்டியதில்லை. வீட்டுப் பட்டறைக்குத் தேவையான அத்தனை வரைபடங்களையும் காசு கொடுக்காமலே, நேர்மையான வழியில் வரைந்துவிடலாம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மென்பொருளைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். என்ன செய்யப்போகிறோம், அதைச் செய்து தருபவர் எந்தக் கோப்பைக் கேட்பார் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் தேர்வு தானாகச் சுருங்கிவிடும். மிச்சமிருக்கும் ஒரே கேள்வி, நீங்கள் வரைந்தது ஐந்து வருடம் கழித்தும் உங்கள் கையில் இருக்குமா என்பது. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் பொருள், பிறகு கோப்பு

ஒரு தாளை எடுத்து, செய்ய நினைக்கும் பொருளைக் கையாலேயே கிறுக்குங்கள். மூன்று பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து, தெரிந்த அளவுகளை மில்லிமீட்டரில் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கணினி முன் உட்காருபவர்கள்தான் இரண்டு மணி நேரம் கழித்து "இந்த மென்பொருள் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுந்து போகிறார்கள்.

பிறகு, அந்தப் பொருள் எந்த இயந்திரத்தில் உருவாகும் என்று பாருங்கள். தகட்டையோ அக்ரிலிக்கையோ பலகையையோ லேசரில் வெட்டினால் போதுமென்றால் உங்களுக்குத் தேவை தட்டையான இருபரிமாண வரைபடம், கோப்பு டிஎக்ஸ்எஃப். நம் ஊர் ஸ்டிக்கர், பெயர்ப்பலகைக் கடைகளில் பெரும்பாலும் கோரல்டிரா வைத்திருப்பார்கள். அதிலும் டிஎக்ஸ்எஃப் திறக்கும், எஸ்விஜியும் திறக்கும். 3டி பிரிண்ட் என்றால் முப்பரிமாண உருவம் வேண்டும். கோப்பு எஸ்டிஎல் அல்லது 3எம்எஃப். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் உலோகத்தைக் கடைந்து தருபவர் ஸ்டெப் கோப்பு கேட்பார், கூடவே அளவு குறித்த தாளும் கேட்பார். சாதாரண லேத்திலோ தச்சரிடமோ கொடுப்பதென்றால் அளவுகள் தெளிவாக எழுதிய ஒரு பிடிஎஃப் போதும். அவர்களுக்கு முப்பரிமாணக் கோப்பால் பயனில்லை.

கடைக்குப் போன் செய்து "எந்த ஃபைல் கொண்டுவரட்டும்?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அளவெடுப்பதற்கு ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணமானதே போதும். மென்பொருளுக்குச் செலவழிக்காத காசை இதற்குச் செலவழிக்கலாம் என்று அழுத்திச் சொல்வேன். காரணம், நாம் வாயால் சொல்லும் அளவும் உண்மையான அளவும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. முக்கால் இஞ்ச் பைப் என்கிறோம். முக்கால் அங்குலம் என்றால் கணக்குப்படி 19 மி.மீ. சொச்சம். ஆனால் சுடுநீருக்குப் போடும் முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 22.2 மி.மீ.; ஷெட்யூல் 40 வகை யுபிவிசி குழாயென்றால் 26.7 மி.மீ. பெயரை நம்பி வரைந்தால் இரண்டுக்குமே பொருந்தாது.

எந்த இலவசம்?

இலவசம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே வகை அல்ல. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பின்னால் வரும் பெரிய ஏமாற்றங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் வகை கட்டற்ற மென்பொருள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் அந்தப் பதிப்பை யாராலும் உங்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. வரைந்ததை விற்கலாம், வருமானத்துக்கு உச்சவரம்பு இல்லை, உள்நுழைய இணையம் தேவையில்லை. ஃப்ரீகேட், லிப்ரேகேட், ஓப்பன்எஸ்கேட், சால்வ்ஸ்பேஸ், இங்க்ஸ்கேப், பிளெண்டர், கிகேட் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது, நிறுவனங்கள் தனிநபர் பயன்பாட்டுக்கென்று விட்டுவைத்திருக்கும் இலவசத் திட்டம். மென்பொருள் தரமாக இருக்கும். நிபந்தனைகள் நிறுவனத்தின் கையில் இருக்கும், அவை மாறவும் செய்யும். டிராஃப்ட்சைட் என்ற இருபரிமாண மென்பொருளைப் பல ஆண்டுகள் உலகமெங்கும் இலவசமாகப் பயன்படுத்தினார்கள்; 2019 முடிவோடு இலவசப் பதிப்பு இயங்காமல் நின்றது. ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 123டி என்ற பெயரில் ஆர்வலர்களுக்காக நடத்திவந்த செயலிகளை 2017இல் மூடியது. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளின், கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்று, உலாவியில் இயங்கும் பதிப்பு மட்டும் இலவசமானது. ஆட்டோடெஸ்க்கின் இன்னொரு முப்பரிமாண மென்பொருளான ஃப்யூஷனின் தனிநபர் திட்டத்தில் 2020இல் பல வசதிகளைக் குறைத்தார்கள். ஸ்டெப் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியையும் எடுக்கப்போவதாக அறிவித்து, பயனர்கள் கொந்தளித்த பிறகு அதை மட்டும் விட்டுவைத்தார்கள். இந்த நிறுவனங்கள் செய்தது சட்டப்படி தவறில்லை. ஆனால் வருடக்கணக்கில் வரைந்துவைத்த கோப்புகளோடு நடுவழியில் நின்றவர்களின் வருத்தம் உண்மையானது.

மூன்றாவது, மாணவர் உரிமம். கல்லூரியிலோ பள்ளியிலோ படிப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆட்டோகேட் உட்பட ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் கல்விக்காக இலவசம். படிப்பு முடிந்ததும் உரிமமும் முடிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

இரண்டாவது வகையைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டால், முடித்த ஒவ்வொரு பொருளையும் அன்றைக்கே ஸ்டெப் கோப்பாகவும் சேமித்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 என்ற பன்னாட்டுத் தரம். பெரும்பாலான முப்பரிமாணப் பொறியியல் மென்பொருள்கள் அதைத் திறக்கும். எந்த வரிசையில் எதை வரைந்தீர்கள் என்ற வரலாறு அதில் இருக்காது. உருவம் மட்டும் ஒரு மைக்ரான் குறையாமல் அப்படியே இருக்கும்.

வேலைக்கு ஏற்ற மென்பொருள்

பள்ளிப் பிள்ளைகளுக்கும், முப்பரிமாணத்தில் இதுவரை எதையும் செய்யாத பெரியவர்களுக்கும் டிங்கர்கேட் நல்ல தொடக்கம். உலாவியிலேயே இயங்கும், எதையும் நிறுவ வேண்டாம். கனசதுரம், உருளை, கூம்பு என்று ஆயத்த வடிவங்களை இழுத்துப் போட்டு, சேர்த்தும் குடைந்தும் பொருளை உருவாக்குவீர்கள். முடித்ததும் எஸ்டிஎல் ஆக எடுத்துக்கொள்ளலாம். ஆர்டுயினோ சுற்றுகளைப் போலியாக இயக்கிப் பார்க்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருந்தால் அங்கே 3டி பிரிண்டரும் இருக்க வாய்ப்பு அதிகம், ஆசிரியரிடம் கேளுங்கள். டிங்கர்கேட்டின் எல்லை சீக்கிரமே தெரிந்துவிடும். செய்து முடித்த பெட்டியை 3 மி.மீ. அகலமாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டையும் கையால் நகர்த்த வேண்டியிருக்கும். அந்த எரிச்சல் வரும் நாளில் அடுத்த மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்.

தட்டையான வரைபடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு லிப்ரேகேட். க்யூகேட் என்ற மென்பொருளின் சமூகப் பதிப்பிலிருந்து கிளைத்து வளர்ந்தது. பழைய கணினியிலும் ஓடும். ஆட்டோகேட் பழகியவர்களுக்கு அடுக்கு, ஸ்நாப் எல்லாம் பழக்கப்பட்டவையாகவே இருக்கும். அதன் சொந்தக் கோப்பே டிஎக்ஸ்எஃப் என்பதால் லேசர் கடைக்கு அப்படியே கொண்டுபோகலாம். ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வகையான டிடபிள்யூஜியாகச் சேமிக்க அதில் முடியாது. பொறியாளர் யாராவது டிடபிள்யூஜி அனுப்பினால் "டிஎக்ஸ்எஃப்பா சேவ் பண்ணி அனுப்புங்க" என்று கேட்பதே சுலபம். பெயர்ப்பலகை, அலங்கார வெட்டு, கோலம் போன்ற வளைவுகள் நிறைந்த வேலைக்கு லிப்ரேகேட்டைவிட இங்க்ஸ்கேப் கைக்கு இதமாக இருக்கும்.

முப்பரிமாணத்தில் அளவு முக்கியம், நாளைக்கு மாற்றவும் வேண்டும் என்றால் ஃப்ரீகேட். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்குத்தான். 2002இல் தொடங்கிய திட்டம், 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2024 நவம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகமெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து இழைத்த உழைப்பு அது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். பழைய பதிப்புகளைப் பயன்படுத்திவிட்டு "முன்னால் ஒரு துளையை நகர்த்தினால் பின்னால் எல்லாம் உடைந்துபோகிறது" என்று விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் தானே வைக்கும் பெயர்கள் மாறிப்போவதால் வந்த சிக்கல் அது; 1.0இல் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். முன்பு வெறுத்து விட்டவர்களும் மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள்.

கணினி மிகப் பழையதா? சால்வ்ஸ்பேஸ் போட்டுப் பாருங்கள். நிறுவக்கூட வேண்டாத சின்ன ஒற்றைக் கோப்பு. அளவுக் கட்டுப்பாடுகளோடு வரைந்து முப்பரிமாணமாக எழுப்பலாம், ஸ்டெப்பும் எஸ்டிஎல்லும் எடுக்கலாம். விளிம்பை வழவழப்பாக உருட்டும் வசதி அதில் இல்லை என்பது ஒரு குறை. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்எஸ்கேட் பிடித்துப்போகும். அதில் சுட்டியால் வரைவதே கிடையாது. இத்தனை அளவில் ஒரு கனசதுரம், அதிலிருந்து இந்த விட்டமுள்ள உருளையைக் கழி என்று வரிவரியாக எழுதினால் உருவம் வரும். எண்களை மேலே மாறிகளாக வைத்துவிட்டால் ஒரே நிரலிலிருந்து பத்து அளவுப் பெட்டிகள் எடுக்கலாம்.

உலாவியில் இயங்கும் முழுமையான பொறியியல் மென்பொருள் வேண்டுமென்றால் ஆன்ஷேப். கைப்பேசியிலும் அதன் செயலி இயங்கும் என்பதால் கணினி இல்லாதவர்களுக்கு உண்மையிலேயே உதவும். அதன் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரையும் எல்லாமே பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலெடுக்கலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஃப்யூஷனின் தனிநபர் திட்டம் வசதிகளில் இவற்றில் மிகச் செழிப்பானது, அழகாகவும் இருக்கும். ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்துதான், ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும், லினக்ஸில் இயங்காது. சீமென்ஸ் தரும் சாலிட் எட்ஜ் சமூகப் பதிப்பு விண்டோஸில் மட்டும் இயங்கும். அதில் சேமித்த கோப்பு வணிகப் பதிப்பில் திறக்காது.

சிலை, பொம்மை, முகம் போன்ற கலை உருவங்களுக்குப் பிளெண்டர்தான். அளவு துல்லியமாக வேண்டிய இயந்திரப் பாகத்துக்கு அதை எடுக்காதீர்கள். மின்சுற்றுப் பலகைக்கு கிகேட். வீட்டுக்குள் கட்டிலையும் பீரோவையும் எங்கே வைக்கலாம் என்று பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி. கட்டட அனுமதிக்கான வரைபடத்தை மட்டும் பதிவுபெற்ற பொறியாளரிடமே கொடுங்கள். நாமே வரைந்தது அங்கே செல்லாது.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால்? சாலிட்வொர்க்ஸ் நிறுவனம் மேக்கர்ஸ் என்ற பெயரில் ஆர்வலர்களுக்கு மலிவான சந்தா வைத்திருக்கிறது. அதன் கோப்புகளும் வணிகப் பதிப்போடு கலக்காது. சந்தா பிடிக்காதவர்களுக்கு அலிப்ரே ஆட்டம்3டி, க்யூகேட் ப்ரொஃபெஷனல் ஆகியவற்றை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். டிடபிள்யூஜி கோப்பு தினமும் கையில் புழங்கும் என்றால் க்யூகேட் ப்ரொஃபெஷனல் அந்த விலைக்குத் தகும்.

தீர்மானமாகச் சொல்லச் சொன்னால்: குழந்தைகளுக்கு டிங்கர்கேட், தட்டையான வெட்டுக்கு லிப்ரேகேட், மற்றதற்கெல்லாம் ஃப்ரீகேட். முதல் வாரம் ஃப்ரீகேட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அங்கே கற்கும் ஸ்கெட்ச் (தட்டையான வரைவு), கட்டுப்பாடு, எழுப்புதல், குடைதல் என்ற முறைதான் ஃப்யூஷனிலும் ஆன்ஷேப்பிலும் சாலிட்வொர்க்ஸிலும் இருக்கிறது. பின்னால் எங்கே வேலைக்குப் போனாலும் அது வீணாகாது.

இறக்குவதும் முதல் ஏற்பாடும்

தேடுபொறியில் முதலில் வரும் சுட்டியை அப்படியே அழுத்தாதீர்கள், விளம்பரமாக இருக்கலாம். பெரிய பச்சை நிற "டவுன்லோட்" பொத்தானோடு வேறு எதையாவது சேர்த்துத் தரும் இடைத்தளங்கள் ஏராளம். ஃப்ரீகேட்டின் அதிகாரப்பூர்வத் தளம் ஃப்ரீகேட் டாட் ஆர்க். லிப்ரேகேட், ஓப்பன்எஸ்கேட் இரண்டும் அதேபோல் தங்கள் பெயரோடு டாட் ஆர்க். சால்வ்ஸ்பேஸ் மட்டும் டாட் காம். உபுண்டு, டெபியன், ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் தங்கள் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம்; அங்கே பதிப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும். ஃப்ரீகேட்டைப் பொறுத்தவரை 1.0 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சக்கரமுள்ள சுட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். மடிக்கணினியின் தொடுபலகையில் முப்பரிமாணத்தைச் சுழற்றப் பழகுவது தேவையில்லாத வேதனை. அதுதான் இருக்கிறது என்றால் ஃப்ரீகேட் சாளரத்தின் வலது கீழ் மூலையில் நேவிகேஷன் ஸ்டைல் என்ற பட்டியல் இருக்கும். அதில் டச்பேட் அல்லது ஜெஸ்சர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். டிங்கர்கேட்டிலிருந்து வருபவர்களுக்கு அதே பழக்கத்துக்கேற்ற ஸ்டைலும் அந்தப் பட்டியலில் உண்டு. அமைப்புகளில் அலகு மில்லிமீட்டரில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

முதல் பொருள்: குழாய்த் தாங்கி

22.2 மி.மீ. சிபிவிசி குழாயைச் சுவரோடு பிடித்துவைக்கும் தாங்கி ஒன்றைச் செய்வோம். அடியில் இரண்டு திருகுத் துளையுள்ள தட்டு, அதன்மேல் குழாய் நுழையும் வளையம். சின்னப் பொருள்தான், ஆனால் ஃப்ரீகேட்டில் அன்றாடம் வேண்டிய எல்லாமே இதில் வந்துவிடும்.

வரைவதற்கு முன் எண்களை முடிவு செய்யுங்கள். 3டி பிரிண்டில் துளை எப்போதும் கொஞ்சம் சுருங்கித்தான் வரும். ஆகவே விட்டத்தில் 0.4 மி.மீ. இடைவெளி விட்டு, துளை 22.6 மி.மீ. சுற்றிலும் சுவர் 5 மி.மீ. என்றால் வளையக் கட்டையின் அகலம் 32.6. அடித்தட்டு 60க்கு 30, தடிமன் 5. துளையின் அடிப்பகுதி தட்டின் அடியிலிருந்து 7 மி.மீ. மேலே இருக்கட்டும், அப்படியென்றால் துளையின் மையம் 18.3இல், கட்டையின் உச்சி 34.6இல்.

ஃப்ரீகேட்டைத் திறந்து, புதிய கோப்பு தொடங்கி, மேலே உள்ள வொர்க்பெஞ்ச் பட்டியலில் பார்ட் டிசைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வொர்க்பெஞ்ச் என்பது ஒரு வகை வேலைக்கான கருவிகளின் தொகுப்பு. எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் ஆசையை இன்றைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். பாடி (பொருளின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாகச் சேரும் உடல்) ஒன்றை உருவாக்கி, அதில் ஸ்கெட்ச் தொடங்கி, எக்ஸ்ஒய் தளத்தைத் தேர்வு செய்யுங்கள். மேலிருந்து பார்க்கும் தளம் அது.

மையத்திலிருந்து வரையும் செவ்வகக் கருவியை எடுத்து, ஆதிப்புள்ளியில் அழுத்தி ஏதோ ஓர் அளவுக்கு இழுத்து விடுங்கள். அளவு இப்போது முக்கியமில்லை. பிறகு கிடைக்கோட்டுக்கு 60, செங்குத்துக் கோட்டுக்கு 30 என்று அளவுக் கட்டுப்பாடு கொடுங்கள். கோடுகள் பச்சையாக மாறும். இந்தப் பச்சை நிறம்தான் ஃப்ரீகேட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம்: இனி இந்த உருவத்தில் எதுவும் தானாக நகராது, எல்லா அளவும் சொல்லப்பட்டுவிட்டது என்று அர்த்தம். பச்சையாகாத ஸ்கெட்ச்சை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். ஸ்கெட்ச்சை மூடி, பேட் கருவியை அழுத்தி 5 என்று கொடுத்தால் தட்டு எழும்பும்.

அடுத்த ஸ்கெட்ச் எக்ஸ்இசட் தளத்தில், அதாவது முன்னாலிருந்து பார்ப்பது. இங்கே சாதாரணச் செவ்வகம் ஒன்றை வரைந்து, அதன் அடிக்கோடு கிடை அச்சின் மீது படியும்படி செய்யுங்கள். அடிக்கோட்டின் இரண்டு முனைகளையும் செங்குத்து அச்சையும் தேர்ந்தெடுத்து சமச்சீர்க் கட்டுப்பாடு கொடுத்தால் கட்டை நடுவுக்கு வந்துவிடும். அகலம் 32.6, உயரம் 34.6. உள்ளே ஒரு வட்டம். அதன் மையம் செங்குத்து அச்சின்மேல், ஆதிப்புள்ளியிலிருந்து 18.3 உயரத்தில், விட்டம் 22.6. ஒரு மூடிய உருவத்துக்குள் இன்னொரு மூடிய உருவம் இருந்தால் உள்ளிருப்பதை ஃப்ரீகேட் தானே துளையாக எடுத்துக்கொள்ளும். பேட் 30 என்று கொடுத்து, தளத்தின் இருபுறமும் சமமாக எழும்பும் தெரிவைக் குறியிடுங்கள். அதை மறந்தால் கட்டை தட்டைவிட்டு ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

திருகுத் துளைகளுக்கு மறுபடி எக்ஸ்ஒய் தளத்தில் ஸ்கெட்ச். இரண்டு வட்டங்கள், விட்டம் 4.5, மையங்கள் கிடை அச்சின்மேல், ஆதிப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் 23 மி.மீ. பாக்கெட் கருவியில் முழுவதும் குடை என்ற தெரிவைக் கொடுங்கள். இங்கே புதியவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்: துளை விழாமல் பிழைச் செய்தி வரும். ஸ்கெட்ச் தட்டின் அடிப்பக்கத்தில் இருப்பதால் பாக்கெட் கீழ்நோக்கி வெற்று வெளியைக் குடையப் பார்க்கிறது. ரிவர்ஸ்டு என்ற பெட்டியைக் குறியிட்டால் மேல்நோக்கித் திரும்பிக் குடையும்.

கட்டையின் மேல் விளிம்புகளைத் தேர்ந்தெடுத்து ஃபில்லெட் 3 மி.மீ. கொடுத்து உருட்டுங்கள். ஃபில்லெட்டை எப்போதும் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. முன்னாலேயே போட்டால் பின்னால் அளவு மாற்றும்போது முதலில் பிழை காட்டுவது அதுதான்.

இனி இந்த முறையின் பலன். ஸ்ப்ரெட்ஷீட் வொர்க்பெஞ்சில் ஒரு தாளைத் திறந்து, ஒரு கட்டத்தில் 22.6 என்று எழுதி, அந்தக் கட்டத்தின் பண்புகளில் ஏலியாஸ் என்ற இடத்தில் ஒரு பெயர் கொடுங்கள். ஸ்கெட்ச்சில் வட்டத்தின் விட்டத்தைத் திறந்து, எண்ணுக்குப் பதிலாக எஃப்எக்ஸ் குறியை அழுத்தி, தாளின் பெயரை எழுதிப் புள்ளி வைத்து அந்தப் பெயரைக் கொடுங்கள். கட்டையின் அகலத்துக்கு அந்தப் பெயரோடு 10ஐக் கூட்டியும், மையத்தின் உயரத்துக்கு அதில் பாதியோடு 7ஐக் கூட்டியும், மொத்த உயரத்துக்கு அதோடு 12ஐக் கூட்டியும் எழுதுங்கள். இப்போது தாளில் 22.6ஐ 27.1 என்று மாற்றினால் மொத்தத் தாங்கியும் யுபிவிசி குழாய்க்கு ஏற்றபடி தானே வளர்ந்து நிற்கும். திருகுத் துளைகளைக்கூடத் தொட வேண்டியதில்லை. திருகுத் தலைக்கு இடம் மிச்சமிருக்கிறது. டிங்கர்கேட்டில் இதே மாற்றத்துக்கு எத்தனை இழுப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், ஏன் ஃப்ரீகேட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்பது புரியும்.

கோப்பை வெளியே எடுப்பது

மூன்று கோப்புகளைச் சேமியுங்கள். ஃப்ரீகேட்டின் சொந்தக் கோப்பு உங்களுக்கு, ஸ்டெப் நாளைய பாதுகாப்புக்கு, எஸ்டிஎல் அல்லது 3எம்எஃப் பிரிண்டருக்கு. எஸ்டிஎல் என்பது முக்கோணங்களின் குவியல். அதில் அலகு கிடையாது. 60 என்ற எண் மில்லிமீட்டரா அங்குலமா என்று அதற்குத் தெரியாது. பொருள் திரையில் கடுகளவாகவோ அறை அளவாகவோ தெரிந்தால் 25.4 மடங்குக் குழப்பம் என்று உடனே பிடித்துவிடலாம். 3எம்எஃப் கோப்பில் அலகும் சேர்ந்தே போகும் என்பதால், பிரிண்டர்காரர் ஏற்றுக்கொண்டால் அதையே கொடுங்கள்.

லேசர் கடைக்கு டிஎக்ஸ்எஃப் கொண்டுபோகிறவர்கள் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். உருவங்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா, ஒரே கோட்டின்மேல் இன்னொரு கோடு ஒளிந்திருக்கிறதா? ஒளிந்திருந்தால் லேசர் அதே இடத்தை இரண்டு முறை வெட்டி விளிம்பைக் கருக்கிவிடும். எழுத்துகள் இருந்தால் அவற்றைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். உங்கள் தமிழ் எழுத்துரு கடைக்காரரின் கணினியில் இருக்காது. கடையில் திறந்ததும் ஒரு பக்கத்தின் நீளத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். லேசர் கதிர் தானும் கொஞ்சம் பொருளை எரித்துக்கொண்டு போகும். பலகைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள வேண்டிய பெட்டி என்றால், முதலில் சின்னத் துண்டில் ஒரே ஒரு மூட்டு மட்டும் வெட்டிப் பார்த்து இடைவெளியை முடிவு செய்யுங்கள்.

தச்சருக்கோ லேத்துக்கோ என்றால் டெக்டிரா வொர்க்பெஞ்சில் அளவு குறித்த தாள் தயாரிக்கலாம். 1:1 அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வெட்டி, இருக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பது எந்தப் பொருளுக்கும் நல்ல சோதனை. அச்சிடும்போது தாளுக்கேற்பச் சுருக்கு என்ற தெரிவை எடுத்துவிடுங்கள். ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டு, அச்சிட்ட பின் அளவுகோலால் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாங்கியைப் பிரிண்ட் எடுக்கக் கொடுக்கும்போது, வளையம் படுத்த நிலையில், துளையின் அச்சு மேல்நோக்கி இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். அப்போது பிளாஸ்டிக் இழைகள் வளையத்தைச் சுற்றியே ஓடும். குழாய் இழுத்தாலும் அடுக்கு பிரியாது, துளையும் வட்டமாக வரும். மொட்டைமாடி வெயிலில் நிற்கப்போகும் தாங்கியென்றால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரி செல்சியஸை ஒட்டி அது இளகத் தொடங்கும். பிஇடிஜி கேளுங்கள்.

முழுத் தாங்கியையும் அச்சிடும் முன், அச்சை 3 மி.மீ. உயரத்தோடு நிறுத்தச் சொல்லி, மெல்லிய வில்லை ஒன்றை மட்டும் எடுத்துக் குழாயில் மாட்டிப் பாருங்கள். சில நிமிடங்களில் அச்சாகிவிடும். இறுக்கமாக இருந்தால் தாளில் 22.6ஐ 22.8 ஆக்குங்கள், தொளதொளவென்று இருந்தால் 22.4. சரியாக உட்கார்ந்ததும் கோப்புகளைப் புதிதாகச் சேமித்து, முழுப் பொருளையும் அச்சிடக் கொடுங்கள்.